போர் மூண்டதா, மூட்டப்பட்டதா?

மொழியியல் வகுப்பறைகளில் செர்போ-குரோஷிய மொழி பெரும்பாலும் ஒரு வேடிக்கையாகவே அறிமுகமாகிறது. போஸ்னியாவில் விற்கப்படும் சிகரெட் பெட்டிகளில் புகைத்தல் உயிரைக் கொல்லும் என்ற எச்சரிக்கை மூன்று மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும். போஸ்னிய மொழியில் 'புஷேன்யே உபியா'. குரோஷிய மொழியில் 'புஷேன்யே உபியா'. செர்பிய மொழியிலும் அதே 'புஷேன்யே உபியா'தான். எழுத்து மட்டும் சிரில்லிக். மாணவர்கள் சிரிக்கிறார்கள். மொழிக்கும் கிளைமொழிக்கும் உள்ள வேறுபாடு படைபலத்தில்தான் இருக்கிறது என்னும் பழகிய வாசகத்தை ஆசிரியர் நினைவூட்டுகிறார். பாடம் அடுத்த எடுத்துக்காட்டுக்கு நகர்ந்துவிடுகிறது.

அதே பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் அதே நாடு வேறொரு கதையாகச் சொல்லப்படுகிறது. செர்பியர், குரோஷியர், போஸ்னியாக்குகள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்கள் ஆகிய மூன்று இனங்கள் பல நூற்றாண்டுகளாகப் பகைத்திருந்தன, டிட்டோவின் இரும்புக்கரம் அவர்களை அடக்கி வைத்திருந்தது, அவர் மறைந்து, கம்யூனிச ஆட்சியும் தளர்ந்ததும் பகை வெடித்தது, போர் மூண்டது, இனப்படுகொலை நிகழ்ந்தது. இந்தக் கதையில் யாரும் சிரிப்பதில்லை. ஆனால் முதற்கதையைப் போலவே இதுவும் பாதியோடு நின்றுவிடுகிறது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு மொழிபெயர்ப்பின்றிப் புரியும் மக்களை, ஒரே கிராமத்தில் ஒரே வட்டார வழக்கில் பேசிய மக்களை, மூன்று இனங்களாகப் பிரித்துக் கொன்றது எது? மொழியியல் மாணவர் அந்தக் கேள்வியைச் சிரிப்போடு கடந்துவிடுகிறார். அரசியல் அறிவியல் மாணவர் 'பழம்பகை' என்ற விடையை வைத்துக்கொண்டு கேள்வியையே மறந்துவிடுகிறார். வேறுபாடு இருந்ததால் போர் வந்தது என்று இருவரும் ஏதோ ஒரு வகையில் நம்புகிறார்கள். போஸ்னியாவின் ஆவணங்கள் அதற்கு நேர்மாறானதைக் காட்டுகின்றன. இருந்த சிறு வேறுபாடுகள் போரால் பெருக்கப்பட்டன; இல்லாதவை போருக்குப் பின் கட்டப்பட்டன. வேறுபாடு போரின் காரணம் என்பதைவிட அதன் விளைவு என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு கூடுதல் தடை உண்டு. தமிழில் 'இனம்' என்ற சொல் மொழியோடு இறுகப் பிணைந்தது. இனம் என்றால் மொழியால் ஆன மக்கள் கூட்டம் என்பதே தமிழ் அரசியலின் பொதுப்பொருள். இலங்கையில் 1956-இல் வந்த சிங்களம் மட்டும் சட்டம் முரண்பாட்டின் மையத்தில் இருந்தது. அங்கே இரு மொழிகளும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. அந்த அனுபவத்தை அளவுகோலாக வைத்து 'செர்பிய இனம்', 'குரோஷிய இனம்' என்று படிக்கும்போது, மூன்று மொழிகள் மோதிக்கொண்டதாக ஒரு சித்திரம் தானே உருவாகிவிடுகிறது. போஸ்னியாவுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

முதலில் மொழிச் செய்திகளைப் பார்க்கலாம். அப்பகுதியின் தென்ஸ்லாவிய வழக்குகள் 'என்ன' என்ற வினாச்சொல்லைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. 'ஷ்தோ' என்போர் வழக்கு ஷ்தோகாவியம். 'ச்சா' என்போர் வழக்கு ச்சாகாவியம். 'காய்' என்போர் வழக்கு காய்காவியம். இன்று போஸ்னியம், குரோஷியம், செர்பியம், மாண்டினீக்ரியம் என்று வழங்கும் நான்கு பொதுமொழிகளும் ஷ்தோகாவியத்தின் மீதே எழுப்பப்பட்டவை. ச்சாகாவியமும் காய்காவியமும் குரோஷியரின் நாட்டு வழக்குகள். தலைநகர் சாக்ரெபைச் சுற்றியுள்ள ஊர்களின் பேச்சு காய்காவியம். ஆகவே ஆழமான கிளைமொழி எல்லை ஓடுவது செர்பியருக்கும் குரோஷியருக்கும் நடுவே அன்று, குரோஷியருக்குள்ளேயே. பால் என்பதற்கு 'ம்லேக்கோ' என்பதா 'ம்லியேக்கோ' என்பதா என்ற புகழ்பெற்ற ஒலிவேறுபாடும் இனத்தின் வழியே செல்வதில்லை. பெல்கிரேடின் செர்பியர் முன்னதைச் சொல்ல, போஸ்னியாவின் செர்பியர் தம் முஸ்லிம், குரோஷிய அண்டை வீட்டாரைப் போலவே பின்னதைச் சொல்கின்றனர்.

இந்த நெருக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. 1850-இல் வியன்னாவில் கூடிய செர்பிய, குரோஷிய அறிஞர்கள், இரு மக்களுக்கும் ஒரே இலக்கிய மொழி என்ற கருத்தில் கையெழுத்திட்டனர். அவர்களுள் ஒருவர் செர்பிய மொழிச் சீர்திருத்தவாதி வூக் கராஜிச். பின்னாளில் போர்க்குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்ட ரதோவான் கராஜிச் வேறு ஒருவர். 1954-இல் நோவி சாத் நகரில் எட்டப்பட்ட உடன்பாடு, செர்பியரும் குரோஷியரும் மாண்டினீக்ரியரும் பேசுவது இரு ஒலிப்பு முறைகள் கொண்ட ஒரே மொழி என்று அறிவித்தது.

அந்த ஒருமை அனைவருக்கும் சமமாக இருந்தது என்று சொல்ல முடியாது. கூட்டாட்சி நிர்வாகத்திலும் படையிலும் பெல்கிரேடின் வழக்கே மேலோங்கியது. அதை எதிர்த்து 1967-இல் குரோஷிய எழுத்தாளர்களும் மொழி நிறுவனங்களும் தம் மொழிக்குத் தனிப்பெயரும் சமநிலையும் கோரி அறிக்கை வெளியிட்டனர். அந்தக் குறை உண்மையானது. ஆனால் ஆட்சிமொழிப் பூசல் ஒன்று. அண்டை வீட்டாரைக் கொல்வது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னது தானாக விளைவதில்லை. தானாக விளைந்தது போலச் சொல்லும் வரலாறுதான் ஐயத்துக்குரியது.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போஸ்னியாவின் சுமார் 44 லட்சம் மக்களில் 43.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 31.2 விழுக்காட்டினர் செர்பியர், 17.4 விழுக்காட்டினர் குரோஷியர். 5.5 விழுக்காட்டினர் தம்மை வெறுமனே யூகோஸ்லாவியர் என்று பதிவு செய்துகொண்டனர். இங்கே 'முஸ்லிம்' என்பது சமயத்தை மட்டும் குறித்த சொல் அன்று. 1971 கணக்கெடுப்பில் ஒரு தேசிய இனத்தின் பெயராகவே அது இடம்பெற்றது. 'போஸ்னியாக்' என்ற பெயர் அம்மக்களின் தேசியப் பெயராக ஏற்கப்பட்டது 1993-இல், போருக்கு நடுவில். மூன்று பிரிவினரையும் வேறுபடுத்தியது பேச்சு அன்று. மரபாக வந்த சமயமும், அச்சமயம் தந்த பெயர்களுமே. தேவாலயத்தையோ மசூதியையோ எட்டிப் பார்க்காதவரும் அந்தப் பெயரைச் சுமந்திருந்தார்.

வட போஸ்னியாவின் பிரியேதோர் நகரில் நடந்ததை இங்கே கருத வேண்டும். செர்பிய தேசியவாதிகள் 1992 ஏப்ரல் இறுதியில் அந்நகரின் ஆட்சியைக் கைப்பற்றினர். மே 31-ஆம் நாள், செர்பியர் அல்லாதோர் தம் வீடுகளில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே வரும்போது கையில் வெள்ளைப் பட்டை அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஓமார்ஸ்கா, கெராதெர்ம், த்ர்னோபோல்யே முகாம்கள் அப்பகுதியில் இயங்கியவையே. பிரியேதோர் வட்டாரத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

வெள்ளைத் துணி ஏன் தேவைப்பட்டது? முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை; உடையைப் பார்த்துத் தெரியவில்லை; வாயைத் திறந்து பேசினாலும் தெரியவில்லை. கொலைக்கு முன்னால் வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டியிருந்தது. பழம்பகைக் கோட்பாட்டுக்கு எதிரான சான்றுகளுள் இதைவிட எளியது வேறில்லை. நூற்றாண்டுக்கணக்கில் பகைத்திருந்த இரு கூட்டத்தாருக்கு ஒருவரை ஒருவர் அடையாளம் காட்டத் துணி தேவைப்பட்டிருக்காது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது உஸ்தாஷா ஆட்சி நடத்திய யசெனோவாட்ஸ் முகாமை மறக்க முடியுமா? அங்கு கொல்லப்பட்டவர்களாக நினைவகம் பெயர் பெயராகப் பதிவு செய்திருப்போர் 83,145 பேர், பெரும்பான்மையோர் செர்பியர், யூதர், ரோமா மக்கள், எதிர்ப்பாளரான குரோஷியர் ஆகியோரும் அதில் அடங்குவர். அதே போரில் செட்னிக் படைகள் கிழக்கு போஸ்னியாவில் முஸ்லிம்களைப் படுகொலை செய்தன. இந்த நினைவுகள் கற்பனை அல்ல. பல குடும்பங்களில் அவை உயிரோடிருந்தன.

ஆனால் நினைவு தானே துப்பாக்கி ஏந்துவதில்லை. அதை எடுத்துப் பயன்படுத்த ஆள் வேண்டும். யூகோஸ்லாவிய அரசு யசெனோவாட்ஸில் இறந்தோர் தொகையைப் பல மடங்கு கூட்டி 7 லட்சம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தது. குரோஷியாவின் முதல் அதிபரான வரலாற்றாசிரியர் ஃப்ரான்யோ துஜ்மான் அதை மிகவும் குறைத்துக் காட்டினார். இறந்தவர்கள் இரு தரப்புக்கும் எண்களாயினர். 1989 ஜூன் 28 அன்று, கொசோவோ போர் நடந்து 600 ஆண்டுகள் நிறைந்த நாளில், ஸ்லொபோதான் மிலோசெவிச் பெருங்கூட்டத்தின் முன் பேசினார். இனிவரும் போராட்டங்களில் ஆயுதம் ஏந்தும் வாய்ப்பையும் அவர் விலக்கவில்லை. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பெல்கிரேடு, சாக்ரெப் தொலைக்காட்சிகள் தத்தம் மக்களுக்கு அண்டை வீட்டாரைப் பற்றிய அச்சத்தை நாள்தோறும் ஊட்டின. 1941 மீண்டும் வரப்போகிறது என்று மக்கள் நம்பவைக்கப்பட்டார்கள்.

வன்முறை எங்கே நிகழ்ந்தது என்பதும் எதையோ சொல்கிறது. பகைதான் காரணம் என்றால், பகை மிகுந்த இடங்களில் கொலை மிகுந்திருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. 1992 மே 12 அன்று போஸ்னிய செர்பியரின் பேரவை ஆறு உத்திசார் இலக்குகளை ஏற்றுக்கொண்டது. மற்ற இரு மக்களிடமிருந்தும் செர்பியரைப் பிரிப்பது முதல் இலக்கு. வடக்கே ஒரு தாழ்வாரம் அமைப்பதும், ட்ரினா ஆறு இனி எல்லையாக இராதபடி செய்வதும், சரயேவோவைப் பிரிப்பதும் பிற இலக்குகளில் அடங்கும். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால், பியெலினா, ஸ்வோர்னிக், வீஷெகிராத், ஃபோச்சா, ஸ்ரெப்ரெனிட்சா ஆகிய பெயர்கள் ஏன் படுகொலைகளின் பெயர்களாயின என்பது விளங்கும். அவை ட்ரினாப் பள்ளத்தாக்கிலோ அதையொட்டியோ அமைந்த ஊர்கள். அவற்றின் மக்கள் வேண்டப்படவில்லை, நிலம் வேண்டப்பட்டது.

குற்றம் ஒரு தரப்போடு நிற்கவில்லை. 1993 ஏப்ரல் 16 அன்று ஆஹ்மிச்சி என்ற சிற்றூரில் போஸ்னிய குரோஷியப் படை நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, 1566-இல் கட்டப்பட்ட மோஸ்தார் பாலத்தை அப்படையே குண்டுவீசி வீழ்த்தியது. செலெபிச்சி முகாமில் செர்பியக் கைதிகளுக்கு எதிராக நடந்த கொடுமைகளுக்காக, போஸ்னிய அரசுத் தரப்பைச் சேர்ந்தவர்களும் தண்டிக்கப்பட்டனர். 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை கிராயினாவைக் கைப்பற்றியபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர் ஊரைவிட்டு ஓடினர். இவை அனைத்தையும் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாரும் குற்றம் செய்தார்கள் என்பதிலிருந்து எல்லாரும் ஒரே குற்றத்தைச் செய்தார்கள் என்ற முடிவுக்கு வர முடியாது. போஸ்னியப் போரில் இறந்தோர் சுமார் ஒரு லட்சம். கொல்லப்பட்ட பொதுமக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் போஸ்னியாக்குகள்.

இனக்கோடு எல்லாரையும் கட்டுப்படுத்தவும் இல்லை. 1,425 நாள் முற்றுகையிடப்பட்ட சரயேவோவைக் காத்த போஸ்னியப் படையின் தளபதிகளுள் ஒருவர் யோவான் திவ்யாக், அவர் செர்பியர். முற்றுகைக்குள் பசியையும் குண்டையும் பொறுத்தவர்களில் மூன்று பிரிவினரும் இருந்தனர். 1992 ஆகஸ்ட் இறுதியில் குன்றுகளிலிருந்து வீசப்பட்ட குண்டுகளால் நாட்டின் தேசிய நூலகம் எரிந்தது. அங்கிருந்த சுமார் 15 லட்சம் நூல்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. லத்தீன் எழுத்திலும் சிரில்லிக் எழுத்திலும் அரபு எழுத்திலும் எழுதப்பட்டவை ஒரே அடுக்கில் இருந்ததற்கான சான்று அந்நூலகம். அதை எரித்தவர்களின் கண்ணை உறுத்தியதும் அந்தச் சான்றே என்று கருத இடமுண்டு.

ஸ்ரெப்ரெனிட்சாவை ஐ.நா. பாதுகாப்பு அவை 1993 ஏப்ரலில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 1995 ஜூலை 11 அன்று ராத்கோ மிலாதிச்சின் படை அந்நகரைக் கைப்பற்றியது. காவலுக்கு இருந்த நெதர்லாந்துப் படைப்பிரிவு தடுக்கவில்லை. பொதொச்சாரியில் பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். ஆண்களும் சிறுவர்களும் பிரிக்கப்பட்டனர். அடுத்த சில நாள்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பின்னர் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினர். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கிடைத்தன. மரபணுச் சோதனையே அவர்களுக்குப் பெயரைத் திருப்பித் தந்தது. ஆட்களையும் பேருந்துகளையும் எரிபொருளையும் மண்வெட்டும் இயந்திரங்களையும் ஒரு வாரத்துக்குள் திரட்டுவது ஆத்திரத்தின் வேலை அன்று. அது நிர்வாகத்தின் வேலை.

இதற்கு உலகம் வைத்த பெயரையும் பார்க்க வேண்டும். 'இனச்சுத்திகரிப்பு' என்று தமிழில் வழங்கும் சொல், அப்போரில் செயலைச் செய்தவர்களின் பேச்சிலிருந்து எழுந்து உலக மொழிகளுக்குப் பரவியது. 'ச்சிஷ்சேன்யே' என்றால் துப்புரவு. ஓர் இடத்தைத் துப்புரவாக்கினோம் என்றால் அங்கே அழுக்கு இருந்தது என்பது உட்பொருள். கொல்லப்பட்டவரை அழுக்காக்கும் அச்சொல்லைச் செய்தியாளர்களும் அரசுகளும் மேற்கோள் குறிகூட இல்லாமல் ஏற்றுக்கொண்டனர். 1992 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதை இனப்படுகொலையின் ஒரு வடிவம் என்று குறிப்பிட்ட பிறகும் அரசுகளின் நடத்தை மாறவில்லை. இனப்படுகொலை என்று சொன்னால் தடுக்கும் கடமை வந்து சேரும். பழம்பகை என்று சொன்னால் கைவிரிக்கலாம். மேலைத் தலைவர்களுக்குப் பழம்பகைக் கோட்பாடு பயன்பட்டது இந்த வகையில்தான்.

நீதிமன்றங்கள் பின்னர் பேசின. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயம் 2001-இல் ராதிஸ்லாவ் கிர்ஸ்திச் வழக்கில் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது. 2004-இல் மேல்முறையீடு அதை உறுதி செய்தது. 2007-இல் சர்வதேச நீதிமன்றமும் அதையே கூறியது. செர்பிய அரசு நேரடியாக அதைச் செய்யவில்லை, ஆனால் தடுக்கவும் தண்டிக்கவும் தவறியது என்றது. போஸ்னியாவின் பிற இடங்களில் நடந்த கொலைகளில், குழுவை அழிக்கும் தனிநோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறியது. ரதோவான் கராஜிச், மிலாதிச் இருவரும் ஆயுள் தண்டனை பெற்றனர். சட்டத்தின் வரம்பு குறுகியது. அந்த வரம்புக்குள் மெய்ப்பிக்கப்பட்டதே இத்தனை.

இந்த இடத்தில் ஆய்வாளர் எச்சரிக்கையோடு நடக்க வேண்டிய ஒரு திருப்பம் இருக்கிறது. வேறுபாடு கட்டப்பட்டது என்று சொல்வதற்கும் அந்த மக்கள் கூட்டமே பொய் என்று சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. போஸ்னியாக்குகள் தனி மக்கள் அல்லர், மதம் மாறிய செர்பியர் அல்லது மதம் மாறிய குரோஷியர் மட்டுமே என்பது இரு தேசியவாதங்களும் நெடுங்காலம் சொல்லிவந்த வாதம். போஸ்னிய மொழி என்று ஒன்று கிடையாது என்ற கூற்று அதன் மொழியியல் முகம். மூன்றும் ஒரே மொழி என்று வகுப்பறையில் சொல்லிச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பின் சுமை மூவர் மீதும் சமமாக விழுவதில்லை. அண்மையில் பெயர் பெற்றவர் மீதே அதிகம் விழுகிறது. கட்டப்பட்டது என்பதற்கு இல்லாதது என்று பொருளில்லை. வீடும் கட்டப்படுவதுதான், அதில் மனிதர் வாழ்கின்றனர். எல்லா இனங்களும் ஏதோ ஒரு காலத்தில் கட்டப்பட்டவை. செர்பியமும் குரோஷியமும் அதற்கு விலக்கல்ல. ஒன்றை மட்டும் கட்டுக்கதை என்பது ஆய்வு அன்று, சார்பு.

போருக்குப் பின் மொழியில் நடந்தது தனிப்பாடம். 1995 டிசம்பர் 14 அன்று பாரிசில் கையெழுத்தான டேட்டன் உடன்படிக்கை போஸ்னியம், குரோஷியம், ஆங்கிலம், செர்பியம் ஆகிய நான்கு மொழிகளில் சமமாகச் செல்லும் என்று எழுதப்பட்டது. குற்றத் தீர்ப்பாயமோ முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே பெயரிட்டு, மூவருக்கும் ஒரே உரைபெயர்ப்பாளரை அமர்த்தியது, நீதி நடந்தது. குரோஷியாவில் 1991-இலேயே செர்பிய, குரோஷியச் சொற்களைப் பிரித்துக் காட்டும் வேறுபாட்டு அகராதி வெளியாயிற்று. ரொட்டிக்கு 'க்ரூஹ்' என்பதா 'ஹ்லெப்' என்பதா, தொடர்வண்டிக்கு 'வ்லாக்' என்பதா 'வோஸ்' என்பதா என்பது நாட்டுப்பற்றின் சோதனையாயிற்று. போஸ்னியத்தின் தரப்படுத்துநர்கள் 'காஹ்வா' போன்ற சொற்களில் 'ஹ்' ஒலியைப் பேணினர். போஸ்னிய செர்பியத் தலைமை 1990-களில் இன்னும் ஒருபடி மேலே போயிற்று: தம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த 'ம்லியேக்கோ'வை விடுத்துப் பெல்கிரேடின் 'ம்லேக்கோ'வைப் புகுத்த முயன்றது. அண்டை வீட்டு முஸ்லிமைப் போலப் பேசுவதே குற்றம் என்பதால் சொந்த மக்களின் நாவையே திருத்தப் பார்த்தது. அம்முயற்சி நிலைக்கவில்லை. வேறுபாடு முன்பே இருந்திருந்தால் இத்தனை உழைப்பு வேண்டியிராது.

இந்த உழைப்பின் முழு விலையைச் செலுத்துவோர் பள்ளிப்பிள்ளைகள். போஸ்னியாவின் சில மாவட்டங்களில் 'ஒரே கூரையின் கீழ் இரு பள்ளிகள்' என்ற ஏற்பாடு உள்ளது. ஒரே கட்டடத்தில் போஸ்னியாக் பிள்ளைகள் ஒரு வாயிலாலும் குரோஷியப் பிள்ளைகள் மறு வாயிலாலும், அல்லது வெவ்வேறு நேரங்களில், நுழைகின்றனர். பாடத்திட்டம் வேறு, வரலாறு வேறு, 'தாய்மொழி' என்ற பாடமும் வேறு. தாய்மொழியில் கற்கும் உரிமை என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். உலகெங்கும் சிறுபான்மையினரைக் காக்கும் உரிமை இங்கே பிள்ளைகளைப் பிரிக்கும் கத்தியாகிவிட்டது. இந்த ஏற்பாடு பாகுபாடு என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின்னும் அது முடிவுக்கு வரவில்லை. யாய்ட்சே நகரில் இன்னொரு பிரிக்கப்பட்ட பள்ளியைத் தொடங்க அதிகாரிகள் முனைந்தபோது, 2016-இலும் 2017-இலும் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் இரு தரப்பு மாணவர்களே. திட்டம் கைவிடப்பட்டது. போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள் அவர்கள்.

2017 மார்ச்சில் சரயேவோவில் பொதுமொழி அறிக்கை வெளியிடப்பட்டது. நான்கு நாடுகளின் எழுத்தாளர்களும் மொழியியலாளர்களும் கையெழுத்திட்ட அவ்வறிக்கை, பல பொதுவடிவங்கள் கொண்ட ஒரே மொழியே பேசப்படுகிறது என்றது. அதே மூச்சில், அவரவர் தம் மொழியை விரும்பிய பெயரால் அழைக்கலாம் என்றும் சொன்னது. குரோஷிய மொழியியலாளர் ஸ்னியெஷானா கோர்திச் இக்கருத்தைப் பல ஆண்டுகளாக முன்வைத்து, தம் நாட்டில் கடும் வசைக்கு ஆளானவர். பழைய யூகோஸ்லாவியாவை மீட்கும் சூழ்ச்சி என்று எதிரிகள் பழித்தனர். அறிக்கை கேட்டது எளிய ஒன்று: பெயர் உரிமையாக இருக்கட்டும், அந்தப் பெயரைக் கொண்டு பிள்ளைகளைப் பிரிக்க வேண்டா.

மறுப்பும் ஒருபுறம் தொடர்கிறது. போஸ்னிய செர்பிய அரசு 2004-இல் ஸ்ரெப்ரெனிட்சா பற்றிய ஆய்வறிக்கையை ஏற்று மன்னிப்புக் கோரியது. 2018-இல் அதன் பேரவை அதே அறிக்கையை நிராகரித்தது. 2021-இல் சர்வதேச உயர் பிரதிநிதி இனப்படுகொலை மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டி வந்தது. மறுப்போர் எப்போதும் 'நடக்கவில்லை' என்று சொல்வதில்லை. 'போர் என்றால் எல்லாரும் சாவார்கள், பழைய பகை அல்லவா' என்பதே பெரும்பாலும் அவர்களின் வாதம். பழம்பகைக் கோட்பாட்டை அறியாமல் திருப்பிச் சொல்லும் பாடநூல், அறிந்தே சொல்பவருக்குத் துணைபோகிறது.

தமிழில் எழுதும் ஆய்வாளருக்கு இதில் ஒரு கருவி கைக்கருகே உள்ளது. தமிழ் இலக்கணம் வினைகளைத் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறது: பிரிந்தனர், பிரித்தனர்; உடைந்தது, உடைத்தனர்; மூண்டது, மூட்டினர். 'யூகோஸ்லாவியா உடைந்தது, போர் மூண்டது, மக்கள் பிரிந்தனர்' என்று எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் தப்பிவிடுகிறார். அவ்வினைகளைப் பிறவினையாக்கினால் எழுவாயைத் தேட வேண்டியிருக்கும். யார் உடைத்தார், எந்தப் பேரவையில், எந்த நாளில், யாருடைய ஆணையால் என்று ஆவணத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். போஸ்னியா பற்றிய ஆய்வில் அந்த எழுவாய்கள் பெயரோடும் தேதியோடும் கிடைக்கின்றன. அப்பெயர்களை வெளிக்கொணரத் தீர்ப்பாயம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

மொழியியல் துறைக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. வேறுபாடுகளை அளந்து பெயரிடுவது அதன் அன்றாட வேலை. அந்தப் பெயர்கள் வகுப்பறையோடு நிற்பதில்லை. இந்தியும் உருதுவும், அவற்றின் எழுத்தும் சொற்களஞ்சியமும், இந்த நாட்டில் எவ்வாறு இழுத்துப் பிரிக்கப்பட்டன என்பதை அறிந்த ஒருவருக்கு இதை விரிக்கத் தேவையில்லை. எனவே செர்போ-குரோஷியப் பாடத்தில் சிகரெட் பெட்டியைக் காட்டும் ஆசிரியர் பிரியேதோரின் வெள்ளைத் துணியையும் காட்டட்டும். அரசியல் அறிவியல் ஆசிரியர் மூன்று இனங்களைப் பட்டியலிடும் முன் அவர்கள் ஒரே மொழி பேசினர் என்பதைச் சொல்லட்டும். பிறகு இரு வகுப்பின் மாணவர்களும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தவர் யார், எதற்காக?